தட்டைத் தட்டிப் பார்த்த காலம்

கைக்குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று தெரிந்துகொள்ளத் தமிழ்நாட்டு வீடுகளில் நெடுங்காலமாக இருந்த சோதனை ஒன்றுதான். குழந்தைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் ஓங்கித் தட்டுவார்கள். திரும்பிப் பார்த்தால் காது நன்றாக இருக்கிறது. திரும்பாவிட்டால் பிள்ளை ஏதோ விளையாட்டில் லயித்திருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். தேனி மாவட்டத்தில் மூல வைகையை ஒட்டிய மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, வருசநாடு பக்கம் இன்றைக்குப் பாட்டிகளாக இருப்பவர்கள் பிள்ளை பெற்ற காலத்தில் இதற்கு மேலான சோதனை எதுவும் அவர்கள் வாசலுக்கு வந்ததில்லை.

அந்தச் சோதனை சுலபமாக ஏமாற்றிவிடும். காது கேளாத குழந்தையும் தட்டுச் சத்தத்துக்குத் திரும்பும். தட்டுகிறவரின் நிழல் தரையில் அசையும். ஓங்கிய கையின் காற்று கழுத்தில் படும். எதிரே உட்கார்ந்திருக்கும் அத்தையின் கண் சட்டென்று பின்பக்கம் போவதைக் குழந்தை கவனித்துவிடும். ஓரளவு கேட்கும் திறன் மிஞ்சியிருக்கும் குழந்தைக்குப் பெரிய சத்தம் எட்டும், பேச்சு எட்டாது. "அதான் திரும்பிப் பாக்குதுல்ல" என்று குடும்பம் நிம்மதியாகிவிடும். அந்த நிம்மதியில் ஒரு வருடம், இரண்டு வருடம் ஓடிவிடும்.

1944-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஐரீன் யூயிங், அலெக்சாண்டர் யூயிங் தம்பதி கைக்குழந்தைகளின் காதைச் சோதிக்கும் முறை ஒன்றை எழுதி வெளியிட்டார்கள். அவர்கள் கையிலெடுத்ததும் வீட்டுச் சாமான்கள்தாம்: கோப்பை, கரண்டி, கிலுகிலுப்பை, மெல்லிய காகிதம். ஆனால் ஓங்கித் தட்டவில்லை. கரண்டியைக் கோப்பை விளிம்பில் மெல்ல உரசினார்கள், காகிதத்தைச் சரசரக்க வைத்தார்கள். குழந்தையின் கண் எட்டாத பக்கவாட்டில் நின்று, நிழலும் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். தாய்மடியில் இருக்கும் பிள்ளை பழகிய சின்னச் சத்தத்துக்குத்தான் ஆசையாகத் திரும்பும் என்பது அவர்கள் கண்டது. நம் ஊரில் தட்டும் கரண்டியும் இருந்தன. எப்படித் தட்ட வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

குழந்தையும் பெற்றோரைத் தேற்றிக்கொண்டே இருக்கும். பிறவியிலேயே காது கேளாத குழந்தை முதல் மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே அழும், சிரிக்கும், 'ங்கா' சொல்லும். 'பாபா', 'மாமா' என்று எழுத்து கூட்டி மழலை பேச வேண்டிய மாதங்களில்தான் வித்தியாசம் தெரியவரும். அப்போதும் அது பேசாததாகத் தெரியுமே தவிர, கேட்காததாகத் தெரியாது.

மயிலாடும்பாறை வீட்டில் ஒரு கைக்குழந்தையின் நாள் எப்படிப் போகும்? காலையில் பாட்டி முற்றத்தில் இரண்டு காலையும் நீட்டி உட்காருவாள். குழந்தையைக் கெண்டைக்கால்மேல் மல்லாக்கப் போட்டு எண்ணெய் தேய்ப்பாள். அப்போது குழந்தையின் முகமும் பாட்டியின் முகமும் நேருக்கு நேர். கையை மடக்கி நீட்டுவாள், மூக்கை நீவுவாள், வாய் ஓயாமல் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். கேட்காத குழந்தைக்கும் இந்த அரைமணி நேரம் முழுசாகக் கிடைக்கிறது. தொடுதல், முகபாவம், உதட்டின் அசைவு, அடுத்து தண்ணீர் வரப்போகிறது என்கிற எதிர்பார்ப்பு, எதுவும் குறைவதில்லை. குளித்து முடித்ததும் தூளியில் போடுவார்கள். சேலைத் தூளிக்குள் குழந்தையைச் சுற்றித் துணிதான். வெளியே அம்மா அடுப்படியிலிருந்தே "இந்தா வந்துட்டேன்" என்று குரல் கொடுத்தால் கேட்கும் குழந்தைக்கு அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள். கேட்காத குழந்தைக்கு, முகம் மறைந்த கணமே அம்மா இல்லை. அவள் திரும்பவும் தூளியை விலக்கி எட்டிப் பார்க்கும்வரை அழுகை நிற்காது. "மூக்குக்கு மேல கோவம் வருது இதுக்கு" என்று பிள்ளையின் குணத்தைச் சொல்வார்கள்.

தோட்ட வேலைக்கும் இலவங்காய் எடுக்கவும் போகும் தாய், பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே பாதி வேலை பார்க்கிறாள். இடுப்பிலிருக்கும் பிள்ளை உலகத்தைப் பார்க்கிறது. தாய் பாதையைப் பார்க்கிறாள். "அங்க பாரு ஆடு" என்று அவள் சொல்வது, ஆட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் காதில் அதே நொடியில் விழுகிறது. பார்ப்பதும் பெயர் கேட்பதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. கேட்கும் குழந்தை மொழி கற்பதே இந்த ஒரே நேர வரவில்தான். காது கேளாத குழந்தைக்கு இது வாய்ப்பதில்லை. ஆட்டைப் பார்த்தால் அம்மா முகம் தெரியாது, அம்மா முகத்தைப் பார்த்தால் ஆடு தெரியாது. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் முடியும். இந்தச் சின்ன விஷயத்தை அறியாத தாய் நாள் முழுக்கப் பேசினாலும் ஒரு சொல்கூடப் பிள்ளையிடம் போய்ச் சேராமல் போகலாம்.

இதைத் தமிழர்கள் வேறொரு வடிவில் நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம், குழந்தையோடு பெரியவர்கள் கொள்ளும் உறவைப் பத்துப் பருவங்களாகப் பிரித்துப் பாடுவது. அதில் தால் பருவம் தாலாட்டுக்குரியது, காதின் வேலை. ஆனால் சப்பாணி கை கொட்டுவது. முத்தம் உதட்டின் தொடுகை. வாரானை, கையை நீட்டி 'வா' என்றழைப்பது. அம்புலி, நிலாவைக் காட்டிக் கூப்பிடுவது. பெரும்பாலானவை கண்ணும் கையும் சேர்ந்து நடத்துபவை. நிலாச் சோறு ஊட்டும் தாயின் விரலைப் பிள்ளை பார்க்கிறது, விரல் போகும் திசையில் நிலாவைப் பார்க்கிறது, திரும்பத் தாயின் முகத்தைப் பார்க்கிறது. அந்தத் திரும்பும் பார்வைக்காகத் தாய் காத்திருந்தால் போதும், காது கேளாத குழந்தையோடும் உரையாடல் தொடங்கிவிடும்.

அந்த வகை நூல்களில் பேர்பெற்றது மதுரை மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ். அதைப் பாடியவர் 17-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர். ஐந்து வயதுவரை அவர் பேசவில்லை என்றும், பெற்றோர் திருச்செந்தூருக்குத் தூக்கிப்போய் முருகன் சந்நிதியில் கிடந்தார்கள் என்றும், அங்கே வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்றும் வரலாறு சொல்வார்கள். பேச்சு வராத பிள்ளையைப் பெற்ற எத்தனையோ குடும்பங்களுக்கு இந்தக் கதை பற்றுக்கோடாக இருந்திருக்கிறது. அதே கதை ஐந்து வயதுவரை காத்திருக்கலாம் என்கிற கெடுவையும் கொடுத்தது. நாக்கில் வசம்பு உரசித் தடவுவது, தேன் வைப்பது, நேர்ந்துகொள்வது, "அவுங்க அப்பனுக்கும் லேட்டாத்தான் பேச்சு வந்துச்சு" என்று ஆறுதல் சொல்வது என்று வைத்தியமெல்லாம் நாக்குக்கே நடந்தது. காதை யாரும் நினைக்கவில்லை. புறநானூற்றின் 28-ஆம் பாட்டு மனிதப் பிறவியின் எட்டுக் குறைகளை எண்ணும்போது ஊமையையும் செவிட்டையும் வெவ்வேறாகத்தான் எண்ணுகிறது. கேட்காததால்தான் பேச்சு வரவில்லை என்பது அத்தனை எளிதில் கண்ணில் படுகிற உண்மையில்லை.

பிரிட்டிஷ் அரசு 1872 முதல் 1931 வரை எடுத்த மக்கள்தொகைக் கணக்குகளில் பிறவியிலேயே காது கேளாத, பேச்சற்றவர்களுக்குத் தனியாக ஒரு பத்தி இருந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அந்தப் பத்தியில் குறைவாகவே பதிவானார்கள். பெற்றோருக்குத் தெரிந்திருக்காது, தெரிந்தாலும் வாய்விட்டுச் சொல்ல மனம் வராது. கணக்கெடுப்பு அதிகாரிகளே இதை அறிக்கைகளில் குறித்திருக்கிறார்கள். கணக்கில் வராத அந்த ஐந்து வருடங்கள்தாம் ஒரு குழந்தை மொழியைப் பிடிக்கிற வருடங்கள்.

தமிழ்நாட்டில் காது கேளாதவர்களுக்கான கல்வி தொடங்கியது ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்திலேயே, பாளையங்கோட்டையில். 1890-களில் ஃப்ளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற மிஷனரிப் பெண்மணி அங்கே தொடங்கிய பள்ளி, பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் அடுத்து இந்தியாவிலேயே பழைமையான காது கேளாதோர் பள்ளிகளில் ஒன்று. இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. சென்னையில் 1926-இல் லிட்டில் ஃப்ளவர் கான்வென்ட் பள்ளி வந்தது. வீட்டில் முடங்கிக் கிடந்த பிள்ளைகளுக்கு எழுத்தும் கைத்தொழிலும் தோழமையும் இந்தப் பள்ளிகள் கொடுத்தன. விடுதிகளில் பிள்ளைகள் ஒருவரோடொருவர் கையால் பேசிப் பழகினார்கள். முதல்முறையாக முழுசாக ஒரு பேச்சு அங்கேதான் பலருக்கும் வாய்த்தது.

ஆனால் அந்தப் பேச்சு வீட்டுக்கு வரவில்லை. பள்ளி இருந்தது ஓர் ஊரில், அம்மா இருந்தது வேறோர் ஊரில். வருசநாட்டு மலையடிவாரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கோ சென்னைக்கோ பிள்ளையை அனுப்புகிற குடும்பம் அபூர்வம். அனுப்பினாலும் லீவுக்கு வரும் பிள்ளையின் கை அசைவு தாய்க்குப் புரியாது. சாப்பாடு, தூக்கம், காசு, அடி என்கிற நாலைந்து வீட்டுச் சைகைகளோடு அவர்கள் உறவு நின்றுபோகும். காது கேளாத குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்கள் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறார்கள் என்பதை நினைத்தால் இதன் கனம் தெரியும்.

வீட்டில் வேறொரு பேச்சும் ஓடும். மாமன் மகனைக் கட்டியதால் வந்தது, கிரகணத்தில் வெளியே போனதால் வந்தது என்று தாயைச் சுற்றி விரல்கள் நீளும். சொந்தத்தில் மணம் முடிப்பதற்கும் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கும் தொடர்பு உண்டுதான். கனெக்சின் 26 புரதத்துக்கான மரபணுவில் இந்தியாவில் அதிகம் காணப்படும் ஒரு பிறழ்வை மரபியலாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். அது தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பக்கமும் வந்தால்தான் குழந்தையைப் பாதிக்கும். கர்ப்ப காலத்தில் வந்துபோகும் ருபெல்லாவும் காரணமாகலாம். அதற்கான தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் நடந்தது. பழியைச் சுமந்த தாய் முதலில் இழப்பது பேச்சை. "கேக்காத பிள்ளைகிட்ட என்னத்தப் பேசுறது" என்று வாயை மூடிக்கொள்கிறாள். வாய் மூடியதும் முகபாவமும் நின்றுபோகிறது. கண்ணால் மட்டுமே வாழும் குழந்தைக்கு அதுதான் பெரிய நஷ்டம்.

அமெரிக்காவில் லூயிஸ் டிரேசி என்ற தாய்க்கு 1924-இல் பிறந்த மகன் ஜான், கதவு படீரென்று சாத்தியும் விழித்துக்கொள்ளாததைப் பார்த்துத்தான் காது கேளாதவன் என்று தெரிந்தது. நடிகர் ஸ்பென்சர் டிரேசியின் மனைவி அவர். பள்ளிக்கூட வயது வரட்டும் என்று மருத்துவர்கள் சொன்னதை ஏற்காமல் தானே மகனுக்குக் கற்றுக்கொடுத்தார். 1942-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜான் டிரேசி கிளினிக்கைத் தொடங்கி, மறு வருடத்திலிருந்து பெற்றோருக்குத் தபாலிலேயே இலவசமாகப் பாடம் அனுப்பினார். பயிற்சி குழந்தைக்கு மட்டும் போதாது, தாய்க்கும் வேண்டும் என்பதைத் தபால்பெட்டி வழியாக உலகத்துக்குச் சொன்ன ஏற்பாடு அது.

தமிழ்நாட்டில் அந்த எண்ணம் ஒரு பள்ளியாக எழுந்தது 1969-இல். சரஸ்வதி நாராயணசாமி, லீலாவதி பேட்ரிக் இருவரும் சென்னையில் தொடங்கிய பால வித்யாலயா ஐந்து வயதுக்குட்பட்ட காது கேளாத குழந்தைகளுக்கானது. தாயோ வீட்டுப் பெரியவர் ஒருவரோ பிள்ளையோடு வந்து வகுப்பில் உட்கார வேண்டும். காது மிஷினை மாட்டி, மிஞ்சியிருக்கும் கேட்கும் திறனைப் பயன்படுத்திப் பேச்சுக்குப் பழக்கி, சாதாரணப் பள்ளிக்கு அனுப்புவது நோக்கம். இந்த வரலாற்றில் இதுவே பெரிய திருப்பம் என்று துணிந்து சொல்லலாம். அதுவரை பள்ளிகள் பிள்ளையைத் தாயிடமிருந்து வாங்கிக்கொண்டன. இங்கேதான் தாய்க்கும் ஓர் இடம் போட்டார்கள்.

பிள்ளை கையால் பேசலாமா கூடாதா என்ற வழக்கு அப்போதும் முடியவில்லை. 1880-இல் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு சைகையைப் பள்ளியிலிருந்து விலக்கி, வாய்ப்பேச்சே வழி என்று தீர்மானித்தது. அதன் நிழல் நூறு வருடம் உலகெங்கும் விழுந்தது. கையைக் காட்டிப் பழக்கினால் பிள்ளைக்குப் பேச்சு வராது என்று தாய்மார்களுக்குச் சொன்னார்கள். இன்றும் சில பயிற்சி முறைகளில், காதால் மட்டும் கேட்கட்டும் என்று உதட்டைக் கையால் மறைத்துக்கொண்டு பேசச் சொல்கிறார்கள். பேச்சுப் பயிற்சியில் அதற்கொரு நியாயம் உண்டு. ஆனால் மிஷின் வந்து சேராத, அல்லது மிஷினால் பயன் கிடைக்காத குழந்தைக்கு முன்னால் முகத்தையும் மறைத்துக் கையையும் கட்டிக்கொண்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

இதற்கு விடை காது கேளாத தாய்மாரிடம் இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் அதைக் கேட்கத் தாமதமாகத்தான் போனார்கள். ஜப்பானில் நொபுவோ மசாடாகா 1992-இல் வெளியிட்ட ஆய்வில், காது கேளாத தாய்மார் தம் கைக்குழந்தைகளிடம் சைகை செய்யும்போது கையைப் பெரிதாகவும் மெதுவாகவும் அசைத்து, ஒரே சைகையைத் திரும்பத் திரும்பச் செய்வதைக் காட்டினார். நம் தாய்மார் "செல்லக்குட்டீ, பட்டுக்குட்டீ" என்று இழுத்து இழுத்துக் கொஞ்சுவதன் கைவடிவம் அது. அதற்கு முந்தைய வருடம் லாரா பெட்டிட்டோவும் பௌலா மாரன்டெட்டும், சைகை பேசும் வீட்டில் வளரும் காது கேளாத குழந்தைகள் விரலாலேயே மழலை பேசுவதைக் கண்டு எழுதினார்கள்.

வாஷிங்டனில் காது கேளாதோருக்கான கேலடெட் பல்கலைக்கழகத்தில் கேத்ரின் மெடோ-ஓர்லான்ஸ், பட்ரீஷியா ஸ்பென்சர், லின் கோஸ்டர் மூவரும் தாய்–குழந்தை இணைகளைப் பல வருடம் கவனித்து 2004-இல் நூலாக்கினார்கள். கேட்கும் தாய்–கேட்கும் குழந்தை, கேட்கும் தாய்–கேளாத குழந்தை, கேளாத தாய்–கேட்கும் குழந்தை, கேளாத தாய்–கேளாத குழந்தை என்று நான்கு வகை. காது கேளாத தாய்மார் பிள்ளையின் காலை லேசாகத் தட்டினார்கள், தரையைத் தட்டி அதிர்வு காட்டினார்கள், பிள்ளையின் கண் போகும் இடத்திலேயே கையைக் கொண்டுபோய்ச் சைகை செய்தார்கள், சில நேரம் பிள்ளையின் உடம்பின்மேலேயே சைகையைப் பதித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, காத்திருந்தார்கள். பொம்மையைப் பார்த்து முடித்துப் பிள்ளை தானாக முகம் திருப்பும்வரை கை பேசவில்லை. கேட்கும் தாய்மாரில் பலர் பிள்ளை பொம்மையைப் பார்க்கும்போதே பேசினார்கள், அல்லது முகவாயைப் பிடித்துத் தம் பக்கம் திருப்பினார்கள். அன்பில் குறைவில்லை, பழக்கம்தான் வேறு. அந்தப் பழக்கத்தைச் சில வாரங்களில் சொல்லிக்கொடுத்துவிட முடியும் என்பதுதான் இதில் நம்பிக்கை தரும் செய்தி.

கர்நாடகத்தில் சிக்கபள்ளாபூர் மாவட்டத்து அலிபூர் என்ற ஊரில் தலைமுறைகளாகக் காது கேளாதவர்கள் அதிகம். அந்த ஊருக்கென்றே ஒரு சைகை மொழி உண்டு. சிபாஜி பாண்டா அதை ஆய்ந்து பதிவுசெய்திருக்கிறார். அங்கே பிறக்கும் காது கேளாத குழந்தை முதல் நாளிலிருந்தே கைப்பேச்சைப் பார்த்து வளர முடிகிறது. மயிலாடும்பாறை வட்டாரத்தில் அப்படிப் பிறக்கும் குழந்தையைச் சுற்றிக் கை பேசத் தெரிந்தவர் யாரும் பெரும்பாலும் இருப்பதில்லை.

கண்டுபிடிக்கும் வேகம் மட்டும் மாறிவிட்டது. உள்காது தானே எழுப்பும் மெல்லிய ஒலியை 1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் அளந்து காட்டினார். தூங்கும் குழந்தையின் காதில் சின்னக் குமிழைச் செருகி நிமிடங்களில் சோதிக்கும் கருவி அதிலிருந்து வந்தது. ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட குழந்தைகள் மொழியில் முந்தி நிற்பதைக் கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இடானோ 1998-இல் காட்டினார். பிறவிக் குறைகளைப் பிஞ்சு வயதிலேயே தேடும் மத்திய அரசுத் திட்டம் 2013-இல் வந்தது. தேடும் குறைகளில் செவிட்டுத்தன்மையும் ஒன்று. தமிழ்நாட்டில் 2009-இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்திலும் பின்னால் வந்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும், உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை ஏழைக் குழந்தைகளுக்குக் கிடைத்தது. லட்சக்கணக்கில் செலவு பிடிக்கும் அந்தக் கருவி கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளையின் காதுக்கு வந்தது சாதாரண விஷயமில்லை.

வருசநாட்டுச் சாலை மதுரை–தேனி நெடுஞ்சாலையைத் தொடும் இடம் க.விலக்கு. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்த குடும்பத்துக்கு இது பெரிய அனுகூலம். ஆனாலும் அறுவை முடிந்ததும் குழந்தை பேசிவிடுவதில்லை. கருவிக்குள் வருவது முதலில் வெறும் இரைச்சல். அதைச் சொல்லாக மாற்ற மாதக்கணக்கில் ஸ்பீச் தெரபி வேண்டும். அதற்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பிள்ளையோடு பஸ் ஏற வேண்டும். வெளியே மாட்டும் கருவி பழுதானால் மாற்றும் செலவு குடும்பத்தைத் திணறடிக்கும். தெரபியில் கற்றதை வீட்டில் நடத்துவதோ, அம்மா களைத்து வந்து அடுப்பு மூட்டும் நேரத்தில்.

சட்டம் வழியைத் திறந்தே வைத்திருக்கிறது. புதுதில்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2015-இல் அமைந்தது. 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்து வேலைக்கு வைக்கச் சொல்கிறது, அவர்களில் மாற்றுத்திறனாளிகளும் இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் கவனம் பள்ளியோடு நின்றுவிடக் கூடாது, தொட்டில்வரை வர வேண்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1990-களில் காது கேளாத பெரியவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, காது கேளாத கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு வாரந்தோறும் அனுப்பிப் பார்த்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் சைகையிலும் ஆங்கிலத்திலும் முன்னேறினார்கள், பெற்றோருக்கும் பயம் விலகியது.

இதைத் தேனியில் செய்ய முடியாதா? சைகை மொழியில் வளர்ந்த, பிள்ளை வளர்த்த அனுபவமுள்ள காது கேளாத பெண்கள் இந்த மாவட்டத்திலும் இருப்பார்கள். பஸ்ஸில் போய்வர மாற்றுத்திறனாளிகளுக்கு அரசின் சலுகை உண்டு. மாதம் ஒரு ஊதியமும், கிராம சுகாதாரச் செவிலியரின் அறிமுகமும் கிடைத்தால், க.விலக்கில் சோதனை முடிவு வந்த வாரமே அவர்களில் ஒருவர் கடமலைக்குண்டு வீட்டுக்குப் போய் உட்காரலாம். காது மிஷினும் அறுவையும் அவற்றுக்குரிய நேரத்தில் வரட்டும். அதுவரை பிள்ளையின் காலை எப்படித் தட்டுவது, பார்வை திரும்பும்வரை எப்படிப் பொறுத்திருப்பது, 'பால்', 'ஆடு', 'பாட்டி' என்பதற்குக் கை எப்படி அசைய வேண்டும் என்பதை அந்தப் பெண்ணால் அன்றைக்கே தொடங்கிவைக்க முடியும்.